குறைந்த அதிர்வெண்ணில் சோதனை: எந்த மோடைப் பிடிப்பது?

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கி 40 மீட்டர், 2 மீட்டர் அலைவரிசைகளில் கொஞ்ச காலம் பேசிப் பழகியவர்களில் சிலருக்கு அடுத்து வருகிற ஆசை கீழே இறங்கிப் பார்ப்பது. அதாவது 475 கிலோஹெர்ட்ஸ், இன்னும் துணிந்தால் 137 கிலோஹெர்ட்ஸ். இறங்கியதும் முதல் குழப்பம் மோட், அதாவது செய்தியை எந்த முறையில் சிக்னலாக்கி அனுப்புவது என்பது. மென்பொருளைத் திறந்தால் எஃப்டி8, ஜேடி9, விஸ்பர், எஃப்எஸ்டி4, எஃப்எஸ்டி4டபிள்யூ என்று வரிசையாக நிற்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு 15 விநாடியிலிருந்து அரை மணி நேரம் வரை உட்பிரிவுகள் வேறு. எது எத்தனை டெசிபல் வரை கேட்கும் என்று ஒரு அட்டவணையும் கிடைக்கும். அதைப் பார்த்ததும் பலர் செய்வது, ஆக ஆழமாகக் கேட்கும் மோடைத் தேர்ந்தெடுத்துவிடுவது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி இடங்களில் அது பெரும்பாலும் தப்பான தேர்வு. ஏன் என்று புரிய ஆன்டெனாவிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு அலைவரிசைகள்

2200 மீட்டர் என்பது 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை. 2007-இல் நடந்த உலக வானொலி மாநாட்டில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டது. 630 மீட்டர் என்பது 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை, இது 2012 மாநாட்டில் வந்தது. இரண்டிலும் பொதுவான உச்சவரம்பு 1 வாட் ஈஐஆர்பி, 630 மீட்டரில் மட்டும் சில நாடுகளுக்கு 5 வாட் வரை சலுகை உண்டு. எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவுக்கு எத்தனை வாட் கொடுத்தால் அதே பலம் கிடைக்குமோ, அதுதான் ஈஐஆர்பி. டிரான்ஸ்மிட்டர் பின்னால் எழுதியிருக்கும் வாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

2200 மீட்டரின் மொத்த அகலமே 2.1 கிலோஹெர்ட்ஸ். சாதாரண எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சுக்கு அதைவிடக் கூடுதல் அகலம் வேண்டும். ஆக, பேச்சு என்ற கேள்வியே அங்கே எழாது.

ஆன்டெனா ஏன் இத்தனை மோசம்

137 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2190 மீட்டர், கால் அலை ஆன்டெனா கட்ட 547 மீட்டர் உயரம் வேண்டும். தோட்டத்தில் நடக்கிற காரியம், 15 மீட்டர் செங்குத்துக் கம்பி, அதன் உச்சியிலிருந்து தென்னைக்குத் தென்னை இழுத்த 30 மீட்டர் கிடைக்கம்பி, அவ்வளவுதான். இதை வைத்துக் கணக்குப் போடுவோம்.

1. அலையாக வெளியே போகும் பங்கைக் காட்டும் கதிர்வீச்சுத் தடை இப்படிப்பட்ட கம்பிக்கு ஏறக்குறைய 0.04 ஓம்.

2. எர்த், காயில், பக்கத்து மரங்கள் எல்லாம் சேர்ந்து விழுங்கும் நஷ்டத் தடையை 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர்ப் பாறை நிலத்தில் இதற்குக் கீழே கொண்டுவருவதற்கே நிறைய எர்த் கம்பி புதைக்க வேண்டியிருக்கும்.

3. 100 வாட் கொடுத்தால் ஓடும் மின்னோட்டம் சுமார் 1.3 ஆம்பியர். அலையாகப் போவது 0.067 வாட். தரைமேல் நிற்கும் குட்டைச் செங்குத்து ஆன்டெனாவின் 3 மடங்கு லாபத்தைச் சேர்த்தால் ஈஐஆர்பி 0.2 வாட். மீதி 99 வாட்டுக்கு மேல் மண்ணையும் காயிலையும் சூடாக்கத்தான்.

4. இதே கம்பி 475-இல் 12 மடங்கு நன்றாக வேலை செய்யும். கதிர்வீச்சுத் தடை அரை ஓம் ஆகிறது, நஷ்டத்தை 30 ஓம் என்று வைத்தால் 20 வாட்டிலேயே 1 வாட் ஈஐஆர்பி வந்துவிடும்.

முதல் சோதனையை 475-இல் செய்யுங்கள் என்று சொல்வதற்கு இந்த நாலாவது வரி ஒன்றே போதும்.

கம்பியின் கொள்ளளவு 250 பிகோஃபேரட் பக்கம் வரும் என்றால், 137-இல் ஒத்திசைக்க 5.4 மில்லிஹென்றி லோடிங் காயில் வேண்டும், குட்டைக் கம்பியின் குறையை ஈடுகட்டும் சுருள் இது. மேலே சொன்ன 1.3 ஆம்பியரில் காயிலின் மேல்முனையில் 6000 வோல்ட் நிற்கும். ஈரக்காற்று இரவில் அந்த முனையில் நீலமாகச் சீறுவதைப் பார்க்கலாம், சுற்றியிருக்கும் பிவிசி பைப் கருகிய வாடையும் வரும். குழந்தைகளும் ஆடு மாடும் நடமாடும் இடத்தில் இதை எட்டுகிற உயரத்தில் வைக்கக் கூடாது. இன்னொன்று, இந்த ஆன்டெனாவின் பயன்படும் அகலம் 1.8 கிலோஹெர்ட்ஸ் அளவுதான். பனி விழுந்து இலைகள் நனைந்தால், கம்பி காற்றில் ஆடினால், டியூனிங் நகர்ந்துவிடும். மாலையில் ஒத்திசைத்து வைத்த காயில் விடியும்போது அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. மோட் தேர்வில் இது நேராக வந்து நிற்கப் போகிறது.

மலை உச்சிக்குப் போனால் நன்றாக இருக்குமே, வத்தல்மலையில் இடம் கிடைத்தால் விட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2 மீட்டர் ரிப்பீட்டருக்கு அது சரி. இங்கே அலை மலையை வளைந்து கடந்துவிடும், கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்பதால் லாபம் இல்லை. உச்சியின் கருங்கல்லைவிட ஏரிக்கரையின் ஈர மண் மேல். மாந்தோப்பு நடுவே கட்டுவதும் நல்லதல்ல, கம்பியை ஒட்டி நிற்கும் பச்சை மரம் ஒவ்வொன்றும் நஷ்டத்தைக் கூட்டும்.

இரைச்சல்: நம்மூர்க் கணக்கு

1 வாட் ஈஐஆர்பி நல்ல தரையில் 50 கிலோமீட்டர் தள்ளி மீட்டருக்கு ஏறக்குறைய 110 மைக்ரோவோல்ட் கொடுக்கும், கிட்டத்தட்ட தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தூரம். இது சின்ன அளவு இல்லை. பிரச்சினை சிக்னல் குறைவது இல்லை, இரைச்சல் கூடுவது.

முதலில் இடி மின்னல். குறைந்த அதிர்வெண்ணில் வானத்து இரைச்சல் பெரும்பகுதி மின்னலிலிருந்து வருகிறது, வெப்பமண்டலத்தில் இருக்கும் நமக்கு அது ஐரோப்பியர்களைவிட அதிகம். ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையிலும் சிக்னல்களைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரை முழுக்கக் குறுக்குக் கோடுகளாக வெடிக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, நள்ளிரவு தாண்டிய நேரம்தான் நமக்கு வாய்த்த பருவம்.

அடுத்தது மனிதர் செய்வது. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், யுபிஎஸ், கூரை சோலார் இன்வெர்ட்டர் எல்லாமே ஸ்விட்சிங் சப்ளை, இவற்றின் அடிப்படை அதிர்வெண்ணோ அதன் மடங்குகளோ நம் அலைவரிசைக்குள்ளேயே விழும். உயர் அழுத்த மின்கம்பிகளில் மின்வாரியங்கள் ஓட்டும் கேரியர் தகவல்தொடர்பும் சில பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் 500 வரை உள்ள இதே பகுதியில்தான், திரையில் அசையாத நேர்கோடுகளாகத் தெரியும். விவசாயப் பகுதியில் இன்னொன்று: மும்முனை கரண்ட் வருகிற நேரம். வந்த நொடி சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் சேர்ந்து மோட்டாரைத் தூக்கும், இரைச்சல் தளம் ஒரே தாவலாக மேலே போய் அப்படியே நிற்கும். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தொழிற்சாலைகள் போக, பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ரிசீவரின் முகப்பையே அடைத்துவிடும், 475-இல் கேட்க நல்ல ஃபில்டர் கட்டாயம்.

இடம் தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி உண்டு. பேட்டரியில் ஓடும் சாதாரண மீடியம் வேவ் டிரான்சிஸ்டரை 540 பக்கம், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தால் போதும், உறுமல் குறைகிற மூலை தெரிந்துவிடும். ரிசீவ் ஆன்டெனா அங்கே போகட்டும்.

மோட் என்பது அகலமும் நேரமும்

எல்லா மோடுக்கும் பின்னால் ஒரே கணக்குதான். இரைச்சலின் அளவு நாம் எத்தனை அகலத்தில் கேட்கிறோமோ அதற்கு ஏற்ப வரும், கதவை ஒருக்களித்து வைத்தால் புழுதி குறைவாக வருகிற மாதிரி. அகலத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் 10 டெசிபல் லாபம். ஆனால் அகலம் குறைந்தால் தகவல் மெதுவாகத்தான் போகும், பத்து மடங்கு நேரம் பிடிக்கும். மென்பொருள் அட்டவணைகளில் மைனஸ் 21, மைனஸ் 31 என்று வருவதெல்லாம் 2500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்கள். மைனஸ் 31 என்றால் அந்த அகலத்து இரைச்சலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலையும் படித்துவிடும் என்று பொருள்.

இனி முக்கியமான மோட்கள்.

1. சிடபிள்யூ. காதால் கேட்கும் மோர்ஸ். டிரான்ஸ்மிட்டர் எளிது, மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இரண்டை ஸ்விட்ச் மாதிரி ஓட்டினால் போதும். 475-இல் பக்கத்து மாவட்டத்துக்கு இது இன்னும் நன்றாகவே ஓடும்.

2. கியூஆர்எஸ்எஸ். அதே மோர்ஸ், ஆனால் ஒரு புள்ளி 3 விநாடி, 10 விநாடி, 30 விநாடி, 60 விநாடி. காதால் கேட்க முடியாது, திரையில் கோடாகப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 12 சொல் வேக மோர்ஸில் ஒரு புள்ளி 0.1 விநாடி, அதை 30 விநாடியாக்கினால் 300 மடங்கு, 25 டெசிபல் லாபம். விலை என்ன? அழைப்புக்குறியின் (ஹாமின் அடையாளப் பெயர்) தொடக்கமான வி, யு, 3 என்ற மூன்று எழுத்துக்கு மட்டும் 35 புள்ளி அளவு நேரம் ஆகும். 3 விநாடிப் புள்ளியில் அது 105 விநாடி, 30 விநாடிப் புள்ளியில் 17 நிமிடத்துக்கு மேல், அழைப்புக்குறியின் மீதி எழுத்துகள் அதற்கப்புறம்.

3. விஸ்பர். 2008-இல் ஜோ டெய்லர் வெளியிட்டது, 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற அதே டெய்லர்தான். 2 நிமிடம், 6 ஹெர்ட்ஸ் அகலம், அழைப்புக்குறி, இடக்குறியீடு, வாட் ஆகிய மூன்றையும் 50 பிட்டில் அடைத்து அனுப்பும். சுமார் மைனஸ் 31 வரை படிக்கும். உரையாடல் இல்லை, ஒருவழிதான். கேட்டவர்களின் மென்பொருள் தானாகவே இணையத்தில் உள்ள பொதுத் தளத்தில் பதிவு போட்டுவிடும்.

4. எஃப்டி8. 2017-இல் வந்தது, 15 விநாடி, 50 ஹெர்ட்ஸ், மைனஸ் 21. மேல் அலைவரிசைகளில் எல்லோரும் இதில்தான் இருக்கிறார்கள் என்பதால் இங்கேயும் கொண்டுவருகிறார்கள். 475-இல் சிக்னல் பலமாக இருக்கும் இரவுகளுக்குச் சரி, 137-க்கு இது வேண்டாம்.

5. எஃப்எஸ்டி4, எஃப்எஸ்டி4டபிள்யூ. இந்த இரண்டு அலைவரிசைகளை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. முதலாவது உரையாடலுக்கு, இரண்டாவது விஸ்பர் மாதிரி ஒருவழிக்கு. எஃப்எஸ்டி4டபிள்யூ 120 விநாடியில் சுமார் மைனஸ் 33, 300 விநாடியில் மைனஸ் 37, 900-இல் மைனஸ் 42, 1800-இல் மைனஸ் 45. முன்பு இந்த வேலையைச் செய்த ஜேடி9-க்கு இப்போது பெரிய அவசியம் இல்லை.

தட்டச்சு செய்து பேசும் பிஎஸ்கே31 மோட் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அதற்கு லீனியர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும், இங்கே எல்லோரும் கட்டுவது ஸ்விட்சிங் ஆம்ப்ளிஃபையர், விட்டுவிடுங்கள்.

ஆக மெதுவான மோட் ஏன் ஏமாற்றும்

விஸ்பருக்கும் 1800 விநாடி எஃப்எஸ்டி4டபிள்யூவுக்கும் 14 டெசிபல் வித்தியாசம், பவரில் சொன்னால் 25 மடங்கு. சும்மா கிடைக்கும் 25 மடங்கை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் சும்மா கிடைப்பதில்லை.

முதல் சிக்கல் அதிர்வெண் நிலைப்பு. அந்த மோடின் மொத்த அகலம் 0.36 ஹெர்ட்ஸ், டோனுக்கு டோன் இடைவெளி 0.09 ஹெர்ட்ஸ். 475-இல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 0.475 ஹெர்ட்ஸ், சிக்னல் தன் அகலத்தைவிட அதிகமாக ஓடிவிட்டது. அரை மணி நேரத்தில் மாடி ஷெட் குளிரும்போது மலிவான கிரிஸ்டல் இதைவிட அதிகம் நகரும். வெப்ப மாற்றத்தை ஈடுகட்டும் டிசிஎக்ஸ்ஓ கிரிஸ்டல் குறைந்தபட்சம், ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய ஆசிலேட்டர் (அதிர்வெண்ணை உருவாக்கும் சுற்று) இருந்தால் கவலை இல்லை.

இதைவிடப் பெரிய பொறி ரிசீவரில் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. கணினியில் செருகும் யுஎஸ்பி டாங்கிள் ரிசீவருக்கு முன்னால், அதிர்வெண்ணை மேலே தூக்கிக் கொடுக்கும் 125 மெகாஹெர்ட்ஸ் அப்கன்வெர்ட்டர் போட்டுக் கேட்கிறீர்கள் என்றால், நகர்வை 137 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போடக் கூடாது, 125 மெகாஹெர்ட்ஸுக்குப் போட வேண்டும். அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது 125 ஹெர்ட்ஸ், அதில் நூறில் ஒரு பங்கே 1.25 ஹெர்ட்ஸ். விஸ்பர் கொஞ்சம் சரிவைச் சமாளிக்கும், மிக மெதுவான மோட்கள் படுத்துவிடும். நேரடியாகச் சாம்பிள் எடுக்கும் ரிசீவர் மேல், ஜிபிஎஸ்ஸால் தன்னைத் திருத்திக்கொள்ளும் கிவி எஸ்டிஆர் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். 384 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் உள்ள சவுண்ட் கார்டு இருந்தால் 137-க்கு அதுவே போதும்.

இரண்டாவது, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற குணம். டிஜிட்டல் மோடில் செய்தி முழுதாக வரும் அல்லது வரவே வராது. சின்னச் சின்ன மின்னல் வெடிப்புகளைப் பிழைதிருத்தம் தாங்கிக்கொள்ளும், ஆனால் பத்தாவது நிமிடத்தில் கரண்ட் போனாலோ, மும்முனை வந்து இரைச்சல் ஏறினாலோ, காயில் டியூனிங் நகர்ந்தாலோ அரை மணி நேரமும் வீண். அப்புறம் என்ன தப்பு என்று கண்டுபிடிக்கக் கையில் ஒரு தடயமும் இருக்காது. அதே இரவில் விஸ்பர் ஓடியிருந்தால் அந்த அரை மணியில் 15 இடைவெளிகள், அவற்றில் நாலு விழுந்திருந்தாலும் எப்போது விழுந்தது, எப்போது நின்றது என்று தெரியும். கியூஆர்எஸ்எஸ் இன்னும் ஒரு படி மேல். பாதி எழுத்து அழிந்தாலும் மீதியைக் கண் படித்துவிடும், கோடு மெலிவதும் சாய்வதும் திரையிலேயே தெரியும்.

கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும், ஒரு விநாடிக்குள். நம் நேரம் உலக நேரத்திலிருந்து ஐந்தரை மணி தள்ளி இருந்தாலும் இந்த மோட்களுக்கு அதனால் குழப்பம் இல்லை, இரட்டை நிமிடம் இங்கேயும் இரட்டைதான், அரை மணி எல்லையும் அதே இடத்தில்தான் விழுகிறது.

எந்தச் சோதனைக்கு எது

தேர்வைச் சோதனையின் கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. *டிரான்ஸ்மிட்டர் சுத்தமாக, நிலையாக இருக்கிறதா?* 10 விநாடி கியூஆர்எஸ்எஸ். சில கிலோமீட்டர் தள்ளி நண்பர் வீட்டில் ஒரு ரிசீவர் வையுங்கள். கோடு வளைந்தால் ஆசிலேட்டர், மெலிந்தால் ஆன்டெனா. வேறு எந்த மோடும் இதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது.

2. *புது எர்த் கம்பி போட்டேன், லாபமா?* விஸ்பர். ஒவ்வொரு பதிவிலும் டெசிபல் எண் இருக்கிறது, எண்ணிக்கையும் நிறையக் கிடைக்கும். பழைய எர்த் ஒரு முறை, புதியது ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நேற்று இரவு பழையது, இன்று இரவு புதியது என்று செய்தால் நீங்கள் அளப்பது வானிலையை. ஒப்பிடப் பகல் நேரம் நல்லது, நிலத்தை ஒட்டிப் போகும் தரை அலை மட்டும் இருப்பதால் எண்கள் ஆடாது.

3. *என் சிக்னல் பகலில் எவ்வளவு தூரம் போகிறது?* விஸ்பரில் தொடங்கி, அது நிற்கும் தூரத்தில் 300 விநாடி எஃப்எஸ்டி4டபிள்யூவுக்கு மாறலாம். இந்தப் பக்கத்தில் இந்த அதிர்வெண்களைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் பொதுத் தளத்தை நம்பாமல், பேட்டரி லேப்டாப்பை வண்டியில் வைத்து அரூர், ஊத்தங்கரை என்று நீங்களே போய்க் கேட்பதுதான் நடைமுறை.

4. *இரவில் நீண்ட தூரம்?* நாலு மாதம் சோதித்து, ஆசிலேட்டரும் காயிலும் நம்பிக்கையானபின் 900 அல்லது 1800 விநாடி. டிசம்பர், ஜனவரி, பேட்டரி மின்சாரம்.

5. *இருவழித் தொடர்பு?* 475-இல் சிடபிள்யூ அல்லது 60 விநாடி எஃப்எஸ்டி4. ஒரு முழு உரையாடலுக்கு ஏறக்குறைய ஆறு முறை அனுப்ப வேண்டும், ஆக 6 நிமிடம். அதையே 1800 விநாடியில் செய்தால் 3 மணி நேரம், நடுவில் யாராவது தூங்கிவிடுவார்கள்.

விஸ்பரும் எஃப்எஸ்டி4டபிள்யூவும் வழக்கமாக ஓடும் டயல் அதிர்வெண்கள் 136.0, 474.2 கிலோஹெர்ட்ஸ், ரிசீவர் யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) நிலையில். சிக்னல் விழுவது அதற்கு 1.4 முதல் 1.6 கிலோஹெர்ட்ஸ் மேலே.

அனுப்பும் முன்

சர்வதேச ஒதுக்கீடு இருப்பதாலேயே உங்கள் கைக்கு அனுமதி வந்துவிடாது. மத்திய அரசின் வானொலி உரிமப் பிரிவான டபிள்யூபிசி கொடுத்த உங்கள் உரிமத்தில் எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அதில் இவை இல்லையென்றால் கேட்பதோடு நில்லுங்கள். கேட்பதிலேயே நிறைய வேலை இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிகளுக்காக அனுப்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை, 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் உள்ள சாதாரண சவுண்ட் கார்டும் ஒரு நீளக் கம்பியும் வைத்தே திரையில் பார்க்கலாம். அது தெளிவாகத் தெரியும் வரை உங்கள் ரிசீவ் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். அனுப்பிப் பழக 160 மீட்டர் இருக்கிறது: குட்டை ஆன்டெனா, லோடிங் காயில், எர்த் கம்பி எல்லாம் அங்கேயும் உண்டு, காயிலின் முனையில் வோல்ட் மட்டும் குறைவு.